ஓட்டுக்கு மாற்றாகுமா சிலிகோன்?

முட்டை சமைப்பதற்கென்றே சிலிகோனில் செய்த சாமான்கள் இப்போது வெலிமடைப் பக்கம் பல வீடுகளுக்கு வந்துவிட்டன. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போன பெண்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் இணையத்தில் ஓடர் போட்டு அனுப்புகிறார்கள். ஓடில்லாமல் முட்டை அவிக்கும் மூடிக் கிண்ணம், கொதிநீரில் மிதக்கும் குழிக் கிண்ணம், வட்டமாகப் பொரித்தெடுக்கும் வளையம், ஏழு குழி அச்சு, மைக்ரோவேவில் வைக்கும் ஒம்லட் பை, பாத்திரம் வழிக்கும் ஸ்பெச்சுலா என்று வகை பெருகிவிட்டது. இவற்றைக் கேஸ் அடுப்பிலும் விறகடுப்பிலும் வைத்துச் சமைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

எந்த அளவுகோலால் இவற்றை மதிப்பிடுவது? பெட்டியில் அச்சிட்ட படம் வசதியைப் பேசுகிறது. எங்கள் ஊருக்கு அது போதாது. 2022 ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று அரசாங்கம் உச்ச விலை போட்டது. அந்த விலைக்கு முட்டை கிடைக்காமல் கடைகடையாக அலைந்தோம். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கவேண்டி வந்தது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கொரு முட்டை என்றால், கட்டுப்பாட்டு விலையிலேயே அந்தச் சம்பளத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் போய்விடும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவாய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவில் புரதம் இருக்கிறது. ஆகவே நான் கேட்பது மூன்று கேள்விகள்தான். முட்டை முழுதாகத் தட்டுக்கு வருகிறதா? அதற்கு எவ்வளவு விறகோ கேஸோ போகிறது? கழுவ எவ்வளவு தண்ணீரும் நேரமும் வேண்டும்?

பெரிய வாக்குறுதியோடு வந்தது ஓடில்லாமல் அவிக்கும் கிண்ணம். கீழ்ப்பாதி, மேற்பாதி, இரண்டையும் இறுக்கும் வளையம், மூடி என்று நான்கு துண்டுகள். உள்ளே எண்ணெய் பூசி, மேலே உள்ள வாய் வழியாக முட்டையை உடைத்து ஊற்றி, மூடிக் கொதிநீரில் விடவேண்டும். எண்ணெய் பூசும் இடத்திலேயே சிரமம் தொடங்கிவிடுகிறது. மார்கழி, தை மாதக் காலைகளில் எங்கள் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாக நிற்கும். 24 பாகைக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். அதை விரலால் தோண்டி வளைவெங்கும் பூசினால் ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும், இன்னோரிடத்தில் ஒன்றுமே இராது. எண்ணெய் படாத இடத்தில் வெள்ளைக்கரு பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது கசிவு. இரண்டு பாதிகளும் சேரும் மூட்டு எவ்வளவு இறுக்கினாலும் முழுதாக மூடுவதில்லை. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் வெள்ளைக்கரு அந்த மூட்டுக்குள்ளால் நூல்நூலாக வெளியே வந்து, வெளுத்து, நுரையோடு சுற்றும். முட்டை பழையதானால் வெள்ளைக்கரு இளகிப்போயிருக்கும்; கசிவும் கூடும். வெந்தபின் பிரித்து எடுத்தால் முட்டையின் நடுவில் இடுப்புக்கயிறு கட்டிய தடம்போல ஒரு கோடு. அடி தட்டை. மஞ்சட்கரு ஒருபக்கம் ஒதுங்கி, அந்தப் பக்கத்து வெள்ளை கடதாசி அளவுக்கு மெலிந்திருக்கும். தேநீர்க் கடைகளில் ரோல்ஸுக்குள் அரை முட்டை வைப்பவர்களுக்கு இது பயன்படவே படாது. வெட்டியதும் மஞ்சள் கழன்று விழுந்துவிடும். கிண்ணத்தின் மூட்டிலும் வளையத்தின் உட்புறத்திலும் ஒட்டிய வெள்ளைக்கருவை நகத்தால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். அதுவும் குப்பைக்குத்தான் போகும். முழு முட்டையும் தட்டுக்கு வரவில்லை என்பதால் முதல் கேள்வியிலேயே இந்தச் சாமான் தோற்றுவிட்டது.

இரண்டாவது கேள்வியில் அதன் நிலை இன்னும் மோசம். இதற்கு எங்கள் மலையும் ஒரு காரணம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஒரு பாகை குறையும். வெலிமடை ஆயிரம் மீற்றருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 96 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் 94ஐத் தொடுவதுகூட இல்லை. எவ்வளவு விறகு தள்ளினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் வெப்பம் ஏறாது. பெட்டியில் எழுதிய நிமிடக் கணக்கு கடற்கரை ஊர்களுக்குச் சரியாக இருக்கலாம். இங்கே அதை நம்பி இறக்கினால் நடு முட்டை கொழகொழவென்று நிற்கும். வெள்ளைக்கரு 60 பாகையைத் தாண்டும்போது உறையத் தொடங்கினாலும், அதிலுள்ள முக்கியமான புரதம் கெட்டிப்பட 80 பாகை வேண்டும். மஞ்சட்கரு 65க்கும் 70க்கும் இடையில் இறுகும். வெப்பம் உள்ளே போய்ச் சேர்வதுதான் காரியம்; சிலிகோன் அதைத்தான் தடுக்கிறது. அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் திறனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் சிலிகோனுக்கு இருக்கிறது. முட்டை ஓடு அரை மில்லிமீற்றர் கனம்கூட இல்லாத சுண்ணாம்புச் சுவர். அதற்குப் பதிலாகச் சில மில்லிமீற்றர் கனத்தில் வெப்பம் கடத்தாத சுவரை வைத்தால் நேரம் கூடாமல் என்ன செய்யும்? ஓட்டோடு பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கெட்டியாகிவிடும் முட்டை கிண்ணத்துக்குள் இருபது நிமிடத்தைத் தாண்டியும் நிற்கிறது. மழைக்காலத்தில் ஈர விறகோடு மல்லுக்கட்டும் லயத்து அடுப்பில் அந்த மேலதிக நேரம் எவ்வளவு புகை என்பது அங்கே சமைப்பவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் இந்தக் கிண்ணத்தைச் செய்தவர்கள் கண்ட பிரச்சினை பொய்யில்லை. அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வருவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. காலையில் கூட்டிலிருந்து எடுத்த ஊர்க்கோழி முட்டையை அன்றைக்கே அவித்தால் இது கட்டாயம் நடக்கும். புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரிவளி நிறைய இருப்பதால் காரத்தன்மை குறைவு. அதனால் அது உட்தோலை விடாமல் பிடித்துக்கொள்ளும். நாள் போகப்போக ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகக் கரிவளி வெளியேறும், காரம் ஏறும், பிடி விடும். எனவே ஒரு வாரம் வைத்திருந்த முட்டையை அவிக்கப் பாவியுங்கள், புதியதைப் பொரியுங்கள். இன்னொன்றும் உண்டு. முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றாமல், தண்ணீர் நன்றாகக் கொதித்தபின் கரண்டியால் மெதுவாக இறக்கினால் உரிப்பது எளிது. அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் கெஞ்சி லோப்பஸ்-ஆல்ட் பல முறைகளை ஒப்பிட்டுப் பார்த்து இதையே சொல்கிறார். என் அடுப்பிலும் அப்படித்தான். இறக்கியதும் பீலித் தண்ணீரில் போட்டால் போதும். ஊவாவின் பீலித் தண்ணீருக்கு ஐஸ் கட்டி தேவையில்லை. நான்கு துண்டுக் கிண்ணம் தீர்க்க வந்த பிரச்சினை செலவில்லாமல் இப்படித் தீர்ந்துவிடுகிறது.

ஓடே வேண்டாம் என்றால் அதற்கும் எங்களிடம் வழி இருக்கிறது. உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பை எங்கள் அம்மாக்கள் வைக்காத வாரமில்லை. வெங்காயமும் தக்காளியும் வதக்கி, தூள் போட்டுக் குழம்பு கொதித்ததும், கொள்ளியை வெளியே இழுத்துத் தணலை மட்டும் விடுவார்கள். முட்டைகளை ஒன்றுக்கொன்று எட்ட இருக்கும்படி ஓரமாக உடைத்து விட்டு, மூடிவிடுவார்கள். அது கட்டியாகும் வரை அகப்பை உள்ளே போகக்கூடாது. மிதக்கும் சிலிகோன் கிண்ணம் செய்யவேண்டிய வேலையைக் குழம்பே செய்துவிடுகிறது. கொஞ்சம் வெள்ளைக்கரு பிரிந்து போனாலும் குழம்புக்குள்தானே இருக்கிறது. சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுவிடலாம். கிண்ணத்திலோ மேற்பக்கம் ஆவியில் வெந்து தோல் கட்டும்போது, மஞ்சட்கருவுக்கு அடியில் உள்ள வெள்ளை இன்னும் வழுவழுப்பாகவே நிற்கிறது. காய்ச்சல்காரருக்கோ சிறு பிள்ளைக்கோ ஒற்றை முட்டை வேண்டுமென்றால் இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் விட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவித் தணலுக்கு மேலே பிடித்தால் வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் இதைக் கரண்டி ஆம்லெட் என்று கடைகளில் விற்கிறார்கள்.

பொரிக்கும் வளையத்துக்குத் தட்டையான அடி வேண்டும். நம் தாச்சியின் அடி குழிந்தது. வளையத்தை வைத்து முட்டையை ஊற்றினால் அடியால் வழிந்து வளையத்துக்கு வெளியே போய் நிற்கும். தட்டையான ஒட்டாத சட்டியும் கேஸ் அடுப்பும் உள்ளவர்களுக்கு அது வேலை செய்யும், ஆனால் வட்டமாக இருப்பதைத் தவிர வேறென்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை. முட்டை வட்டமாக வேண்டும் என்றால் அப்பச் சட்டி இருக்கிறது. மைக்ரோவேவ் பையைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. அந்த அடுப்பே எங்கள் பக்கம் சில வீடுகளில்தான். வைத்திருப்பவர்கள் மஞ்சட்கருவைக் குத்திக் கலக்காமல் வைக்காதீர்கள், உள்ளே ஆவி கட்டி வெடிக்கும்.

விறகடுப்பில் இந்தச் சாமான்களுக்கு இடமே இல்லை. சிலிகோன் 200 பாகைக்குச் சற்று மேல் வரை தாங்கும் என்பது உண்மை. ஆனால் விறகின் தீநாக்கு அதைப்போல் பல மடங்கு சூடு. வளையத்தின் கைப்பிடி ஒருமுறை தாச்சியின் விளிம்பைத் தாண்டி நெருப்புப் பக்கம் வளைந்து நின்றது. பிளாஸ்டிக்கைப் போல உருகி ஒழுகவில்லை. நுனி கருகி, பிறகு வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. அந்தத் தூள் சிலிக்கா, மணலில் இருப்பதும் அதுதான். நஞ்சில்லை என்றாலும் முட்டையின் மேல் விழுந்தால் கொட்டவேண்டியதுதான்.

கழுவும் விஷயத்தைப் பேசாமல் இந்த மதிப்பீடு முடியாது. சிலிகோனில் முட்டை ஒட்டாது என்பார்கள். ஒட்டாததும் எண்ணெய் விடாததும் வேறு வேறு விஷயம். எண்ணெயைச் சிலிகோன் உள்ளே இழுத்துக்கொள்ளும், எண்ணெயோடு வாசனையையும். வெந்நீர்க் குழாய் உள்ள வீட்டில் இது பெரிதாகத் தெரியாது. பீலிக்கரையில் விறைக்கும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் வழுக்கல் போகாது, சவர்க்கார வாசம் மட்டும் ஏறிவிடும். அடுத்த முட்டையில் அது நாக்குக்குத் தெரியும். வெந்நீர் காய்ச்சிக் கழுவலாம், ஆனால் அதற்கும் விறகு வேண்டும்.

உடம்புக்குக் கேடா என்று பலர் கேட்கிறார்கள். பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், உணவுக்கான சிலிகோனை 200 பாகையில் நான்கு மணிநேரம் வைத்தால் ஆவியாகிப் போகும் பொருள் அரை வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரையறை வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் டி4, டி5, டி6 என்ற மூன்று சிலொக்சேன்களைக் கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. நன்றாகச் சுட்டுப் பதப்படுத்திய சிலிகோனில் இவை மிகச் சொற்பம். 96 பாகைத் தண்ணீரில் முட்டை அவிப்பதில் பெரிய அபாயம் இருப்பதாக நான் கருதவில்லை. சூடும் கொழுப்பும் கூடும்போதுதான், அதாவது பேக்கிங்கிலும் பொரிப்பிலும்தான், தரம் முக்கியமாகிறது. எந்த அடையாளமும் இல்லாமல் பையில் கட்டி வரும் சாமானில் அந்தத் தரத்தை அறிய வழியில்லை. முறுக்கினால் வெளுக்கும், வெளுத்தால் கலப்படம் என்ற சோதனையை நம்பாதீர்கள். நல்ல சிலிகோனும் சிலவேளை வெளுக்கும். புதிதாக வாங்கியது சூட்டில் ரசாயன வாடை அடித்தால் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

இந்தக் கூட்டத்தில் இரண்டு தேறின. ஒன்று, ஏழு குழி அச்சு. அது ஒரே துண்டு; மூட்டு இல்லை, கசிவும் இல்லை. முட்டையை அடித்து, எங்கள் தோட்டத்து லீக்ஸையும் கரட்டையும் சன்னமாக வெட்டிப் போட்டு, இட்லிச் சட்டியில் ஆவி காட்டினால் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்குக் கையில் பிடித்துச் சாப்பிடும் உணவு கிடைக்கும். இட்லித் தட்டிலும் செய்யலாம், வேகமாகவும் வேகும்; ஆனால் அதில் முட்டை ஒட்டிக்கொண்டு பாதி தட்டோடு நின்றுவிடும். அச்சில் பின்பக்கம் விரலால் அழுத்தினால் முழுதாக விழும். சில நிமிடம் கூடுதலாக எரிப்பது இதற்குத் தகும்.

மற்றது ஸ்பெச்சுலா. முட்டை அடித்த கிண்ணத்தை இரும்புக் கரண்டியால் வழித்துப் பாருங்கள், பிறகு சிலிகோனால் வழித்துப் பாருங்கள். கரண்டி விட்டுப்போன மஞ்சள் படலத்தை அது ஒரே இழுப்பில் திரட்டிவிடும். ஒட்டாத சட்டியையும் கீறாது. கைக்குச் சுடாது, ஏனென்றால் அது வெப்பத்தைக் கடத்தாது. கிண்ணமாக இருந்தபோது குற்றமான அதே குணம் பிடியாக இருக்கும்போது நன்மையாகிவிடுகிறது. என் முடிவு இதுதான்: நெருப்பும் முட்டையும் சந்திக்கவேண்டிய இடத்தில் சிலிகோன் நடுவே நிற்கக்கூடாது, கைக்கும் சூட்டுக்கும் நடுவிலும், பாத்திரத்திலிருந்து முட்டையை முழுதாக எடுக்கும் இடத்திலும் அதற்கு இடமுண்டு.

விரல் மூட்டு வாதம் வந்து முட்டை உரிக்க முடியாத முதியவர்கள் உண்டு. அவர்களுக்கு மிதக்கும் கிண்ணம் உதவக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கு துண்டுக் கிண்ணத்தை மட்டும் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளே, சகோதரிகளே, பெட்டியில் இடம் இருந்தால் தலையும் பிடியும் ஒரே துண்டாக வார்த்த, தர அடையாளம் உள்ள ஒரு ஸ்பெச்சுலா கொண்டுவாருங்கள். மீதிக் காசுக்கு இங்கே முட்டை வாங்கிக்கொள்வோம்.