ஜெய் பீம்: பாம்பு பிடிக்கத் தெரிந்தவர்கள்

ஜெய் பீம் (2021) பற்றி எழுதியவர்களில் பலர் காவல் நிலையக் காட்சிகளையும் நீதிமன்றத்தையும் தாண்டவில்லை. எனக்கு உறுத்துவது அதற்கு முன்னால் வரும் ஒரு சின்னக் காட்சி. ஊர்ப் பெரிய மனுஷன் வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட, ராசாக்கண்ணுவைக் கூப்பிடுகிறார்கள். வந்து பிடிக்கிறான். பிறகு அதே வீட்டில் நகை காணாமல் போக, பழி அவன் தலையில். இருளர்களின் வித்தைக்குப் படத்தில் கிடைத்த வேலை இவ்வளவுதான்: நாயகனை அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் விடுவது.

நிஜச் சம்பவம் 1993-இல் நடந்தது. பாதிக்கப்பட்டவர் குறவர், இருளர் ஆக்கியது இயக்குநர் ஞானவேலின் முடிவு. அப்படி மாற்றியவர் அந்த மக்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் தேடியிருக்கலாம் இல்லையா? 1993-லேயே மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு வயது பதினைந்து. 1972 வனவிலங்குச் சட்டமும் அடுத்து வந்த தடைகளும் பாம்புத்தோல் வியாபாரத்தை நிறுத்தியதில் பிழைப்பு போனவர்கள், ரோமுலஸ் விட்டேகர் துணையோடு 1978-இல் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து மண்பானையில் வைக்கிறார்கள். சில வாரம் விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்து அந்த விஷத்திலிருந்துதான் வருகிறது. வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்த வேலைக்காகத்தான்.

சங்கத்தைக் கோயிலாக்கவும் எனக்கு விருப்பமில்லை. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை தரும் அனுமதிதான் தீர்மானிக்கிறது. காகிதம் வராவிட்டால் பானை காலி. அந்த வகையில், ஓட்டர் லிஸ்டில் பேர் சேர்க்க அலைகிற காட்சிதான் படத்திலேயே உண்மைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. சமரசப் பணத்தைச் செங்கேணி வேண்டாம் என்கிற இடமும் நல்ல இடம். அங்கே முடிவு அவளுடையது.

நான் இருப்பது வாலாஜாபாத்தில். ஒரகடம் ரோட்டில் நாள் முழுக்கக் கம்பெனி பஸ்கள். 2019 ஜூலையில், அப்போதைய காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை அதிகாரிகள் மீட்டார்கள், இருளர் குடும்பங்கள். அதே ஊர்ப்பக்கம், அதே வருஷம், கார் கம்பெனி வாசலில் கேட்பது பள்ளிச் சான்றிதழ். கடைசிக் காட்சியில் அல்லி வக்கீல் எதிரே கால்மேல் கால் போட்டு பேப்பர் படிக்கிறாளே, அவள் வளர்ந்து வேலை கேட்டுப் போவது இந்த வாசலுக்குத்தான். படம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.