மெட்டடார் வாங்கப் போகிறீர்களா? பையில் ஒரு காந்தம் இருக்கட்டும்

படுக்கையும் அடுப்புமாக ஃபோக்ஸ்வாகன் வேனில் வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்றுவதைப் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நமக்கு மெட்டடார் இருக்கிறது சார்! ஸ்கூல் வேனாக ஓடியது, ஆம்புலன்ஸாக ஓடியது, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றி வந்தது, சினிமா யூனிட்டுக்கு லைட்டு சுமந்தது. இப்போது பொத்தேரியில் என் வீட்டு வாசலில் இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டியோடு நிற்கிறது. மாலையில் கல்லூரிப் பிள்ளைகள் அதன் முகத்தோடு முகம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எடுக்கட்டும். இதைவிட அழகான வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடுகிறதா என்ன?

பஜாஜ் டெம்போ கம்பெனி 1969-இல் புனேவுக்குப் பக்கத்தில் ஆகுர்டியில் செய்ய ஆரம்பித்த வண்டி இது. மூலம் ஜெர்மன்காரனுடையது. இன்று அந்தக் கம்பெனியின் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ். கேம்பர் வேனாக மாற்ற இதைப்போல ஒன்று வாய்க்காது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் எளிது. இழுவை முன்சக்கரத்தில். பின்னால் போகும் ஷாஃப்ட் கிடையாது. அதனால் தளம் தாழ்வாக, பலகை போட்ட மாதிரி சமமாக இருக்கும். ஏறி இறங்க முழங்கால் வலிக்காது, கட்டில் போட மேடு பள்ளம் பார்க்க வேண்டாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இதன் அடிமை.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற காரியம், போனதும் சாவியைக் கேட்டு வாங்கி ஸ்டார்ட் செய்வது. எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். எஞ்சினுக்கு மேஸ்திரி இருக்கிறார், ஸ்பேர் இருக்கிறது. தகரம் போனால் பாதி வண்டி போச்சு, ஆர்.சி. போனால் முழு வண்டியும் போச்சு.

முதலில் தகரம். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, ஏறும் படி, முன்கண்ணாடி ரப்பருக்குக் கீழே, கூரை ஓரத்து மழைநீர்க் காடி, இந்த இடங்களில் எல்லாம் வைத்துப் பாருங்கள். தகரம் என்றால் காந்தம் ஒட்டும். வழுக்கினால் உள்ளே பட்டி. புதுப் பெயின்ட் பளபளக்கிற வண்டியில்தான் இந்தச் சோதனை ரொம்ப அவசியம். டிங்கர் வேலையில் கைதேர்ந்தவர் கை நீள ஓட்டையைக்கூடப் பட்டியால் மூடி, மேலே தேய்த்து, கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுவார். அப்புறம் தரைவிரிப்பைத் தூக்குங்கள். பக்கவாட்டில் பிளைவுட் அடித்திருந்தால் ஒரு பலகையையாவது கழற்றச் சொல்லுங்கள். "சார், புதுசா அடிச்சது, கழட்டினா வீணாயிடும்" என்பார் விற்கிறவர். "பரவாயில்லைண்ணே, நானே திரும்ப அடிச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். ஈரம் தங்குவது பலகைக்குப் பின்னால்தான். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸை அதே ஸ்க்ரூடிரைவரால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொதபொதவென்றால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். கடலோரத்தில், ராமேஸ்வரம் தூத்துக்குடிப் பக்கம் மீன் ஏற்றிய வண்டி என்றால் எனக்கு இரட்டைச் சந்தேகம் வரும். உப்பு சும்மா விடாது.

நம் பகுதிக்கென்று ஒரு தனிச் சோதனை இருக்கிறது: வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் பக்கம் வண்டிகள் கூரை மட்டும் தெரிய நின்றதை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் மூழ்கிய வண்டிகள் உண்டு. கழுவித் துடைத்து விற்றவர்கள் ஏராளம். டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு ஒயர்க் கட்டைத் தடவிப் பாருங்கள். மூழ்கிய வண்டி என்றால் விரலில் மெல்லிய வண்டல் மண் ஒட்டும். ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, சீட் ஸ்பிரிங்கில் துரு, கதவுப் பலகைக்குள் காய்ந்த சேறு, இவற்றில் ஒன்று இருந்தாலும் கேள்வி கேளுங்கள். வாசனைக்கு ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

எஞ்சினுக்கு இப்போது வரலாம், இங்கேதான் எனக்குப் பேச்சு நிற்காது. பிற்கால மெட்டடாரில் இருப்பது மெர்சிடிஸ் லைசென்ஸில் செய்த ஓ.எம். 616 டீசல். நாலு சிலிண்டர், 2.4 லிட்டர். மெர்சிடிஸ் 240 டி காரில் ஓடியதும் இதுதான். அந்தக் காரை உலகம் முழுக்க டாக்ஸிக்காரர்கள் தேய்த்துத் தேய்த்து ஓட்டினார்கள். டைமிங்குக்கு பெல்ட் இல்லை, இரட்டை வரிச் சங்கிலி. பயப்பட ஒன்றுமில்லை. டாப்பெட் கேப் மட்டும் அவ்வப்போது கையால் சரிசெய்து வைக்க வேண்டும். அது இறுகிப்போனால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

பார்க்கப் போகும் அன்று, வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே போய் நில்லுங்கள். எஞ்சின் மீது கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக யாரோ முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சினில் ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கி, சாவியைத் திருப்பிப் பிடிக்கும் அந்த நொடியில் வண்டி தன் ஜாதகத்தையே சொல்லிவிடும். கொஞ்சம் வெள்ளைப்புகை வந்து அடங்கினால் சரி. நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே வாயில் தலைகீழாக வைத்துப் பாருங்கள். மூடி லேசாக ஆடினால் மகிழ்ச்சி. துள்ளி விழுந்தால் ரிங், போர் வேலைக்குக் காசு எடுத்து வையுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது முன்பக்கம் டக் டக் என்று கேட்டால் ஆக்ஸில் ஜாயின்ட் போயிருக்கிறது. முன்சக்கர இழுவை வண்டியில் அது சின்னச் செலவில்லை.

ஸ்பேருக்கு ஏன் கவலை இல்லை என்றால், இதே குடும்பத்து எஞ்சின்தான் டிராக்ஸிலும் டெம்போ டிராவலரிலும் ஓடியது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிது கிடைக்கும், புதுப்பேட்டையில் கழற்றியது கிடைக்கும். முன்கண்ணாடி, கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம் போன்ற பாடி சாமான்தான் தவம். அவை முழுசாக இருக்கிற வண்டியாகப் பாருங்கள்.

இனி தாள். சேஸிஸில் பொறித்த எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் எண்ணையும்தான். இவ்வளவு வயதான வண்டியில் எஞ்சின் மாறியிருப்பது சகஜம், அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி தனி. மஞ்சள் போர்டு வண்டி என்றால் பர்மிட்டை ஒப்படைத்து, வரி பாக்கி தீர்த்து, வகை மாற்றிய பிறகு பேசச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு எண்கள் 'டி.என்.' என்று மாறுவதற்கு முந்திய மூன்றெழுத்துப் பழைய எண் என்றால் பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் ஆர்.டி.ஓ. கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகு ரசியுங்கள். ஏற்றாவிட்டால் பெயர் மாற்றவே முடியாது. ஃபைனான்ஸ் இருந்திருந்தால் 35-ஆம் படிவம், பெயர் மாற்றத்துக்கு 29-ம் 30-ம், வேறு மாநிலம் என்றால் என்.ஓ.சி. கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள்.

படுக்கை அடுப்பெல்லாம் ஏற்கெனவே போட்ட வண்டி விற்பனைக்கு வந்தால் எல்லாரும் மயங்குவார்கள். கேம்பர் வேன், மோட்டார் காரவான் என்று சட்டத்திலேயே வகை உண்டு. ஆர்.சி.யில் அப்படி இருக்கிறதா, இன்னும் ஸ்கூல் வேனாகவே இருக்கிறதா? அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொன்னது. நான் விரும்புவது காலி வண்டியை வாங்கி, ஆர்.டி.ஓ.விடம் கேட்டுவிட்டு, நாமே செய்துகொள்வதைத்தான். கேஸ் அடுப்பு வைத்திருந்தால் தரைமட்டத்தில் காற்றுப்போக்குத் துவாரம் இருக்கிறதா பாருங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும்.

தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். பின் அச்சுக்கும் பின்னால் பளுவை ஏற்றினால் முன்சக்கரம் பிடிமானம் இழக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அது தெரிந்துவிடும். பளுவை நடுவில் வைத்துக்கொண்டு என் மெட்டடார் அந்த மலையை ஏறுவதை நீங்கள் பார்க்க வேண்டும்! அவசரமே படாமல், இரண்டாவது கியரில், எஞ்சின் ஒரே சுதியில் முனகிக்கொண்டே ஏறும். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் முந்திப் போகும்போது எட்டிப்பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போகிறார்கள். வேடந்தாங்கலுக்கு இருட்டோடு கிளம்பிப் போய், பறவைகள் எழும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபில்டர் காபி போட்டுக் குடிக்கும் சுகத்துக்கு எந்த ரிசார்ட் அறையும் ஈடாகாது. மே மாதத்தில் மட்டும் உள்ளே படுக்காதீர்கள். முன்னால் எஞ்சின் சூடு, மேலே வெயில் சூடு, கூரைக்கு உள்ளே தெர்மோகோல் அடித்தாலும் போதாது.

மெட்டடாருக்கும் மேலே எனக்கு இன்னொரு வண்டி மீது ஆசை உண்டு. அந்த வண்டி எங்கள் ரோட்டிலேயே பிறந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் ஆலை இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வண்டலூர் பெருங்களத்தூர்ப் பக்கம்தான் இருந்தது. ஹெரால்டு, கெஸல் கார்கள் வந்த அதே இடத்தில் 'ஸ்டாண்டர்டு 20' என்றொரு வேனும் வந்தது. இங்கிலாந்தில் 1958-இல் வந்த அட்லஸ் வேனின் அச்சுகளை இங்கே கொண்டுவந்து, 1980-கள் வரை செய்தார்கள். 1988-இல் ஆலை மூடிவிட்டது. வட்ட முகம், உருண்ட தோள், பார்த்தாலே கட்டிக்கொள்ளத் தோன்றும். ஸ்பேர் கிடைக்காது, பாடி சாமான் கிடைக்கவே கிடைக்காது. மேலே நான் சொன்ன அத்தனை சோதனையிலும் அது தோற்கும், தெரியும். குரோம்பேட்டையிலிருந்து செங்கல்பட்டு வரை யார் வீட்டுக் கொல்லையிலாவது, பழைய ஷெட்டிலாவது அப்படி ஒன்று செடி முளைத்து நின்றால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தை மட்டும் தேடி எடுத்து வையுங்கள்.