ட்ரொலப்பின் கடிகாரம்

ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப் 1882ஆம் ஆண்டிற் காலமானார். மறு ஆண்டு வெளிவந்த அவர்தம் சுயசரிதை, அதுகாறும் அவர் ஈட்டிய புகழுக்கே ஊறு விளைத்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால்மணி நேரத்துக்கு 250 சொல் வீதம் எழுதியதாக அவர் அதிற் கூறியிருந்தார். தம்மைத் துயிலெழுப்பிய முதிய வேலையாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்ததையும், நூல்களால் வந்த பணத்தின் கணக்கையும் அவர் மறைத்தாரல்லர். எழுத்து தெய்வ ஆவேசத்தாற் பிறப்பது என நம்பியோர் முகஞ்சுளித்தனர். மணியோசைக்கு இசைந்தே வாழும் ஆசிரியர் நமக்கு இதில் வியப்பில்லை!

அக்கடிகாரம் எழுதும் நேரத்தை அளந்ததேயன்றிக் கதை கருக்கொள்ளும் நேரத்தை அளக்கவில்லை. 1834இல் தபாற் பகுதியிற் சேர்ந்த ட்ரொலப் 1867 வரை அங்கே கடமையாற்றினார். 1851இல் தொடங்கி, கிராமங்களுக்குக் கடிதம் சேரும் வழிகளைச் சீர்செய்யும் பொருட்டுத் தென்மேற்கு இங்கிலாந்தில் குதிரைமீது ஊரூராகத் திரிந்தார். அந்நாளில், சோல்ஸ்பெரிப் பேராலயத்தின் அயலில் ஒரு கோடை மாலை உலாவியபொழுதே ‘வார்டன்’ (1855) என்னும் நாவலின் கரு உதித்தது. அதனைத் தொடர்ந்த ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ (1857) பெரும்பாலும் புகையிரதப் பெட்டியிற் பென்சிலால் எழுதப்பட்டு, மனைவியாராற் படியெடுக்கப்பட்டது.

உத்தியோகம் அவருக்கு எழுதும் ஒழுங்கை மட்டுமன்றிப் பொருளையும் அளித்தது. பதவியும் வருமானமும் மனச்சாட்சியோடு மோதுவதே அவர் மீண்டும் மீண்டும் நாடும் பொருள். ‘வார்டன்’ நாவலின் ஹார்டிங், பன்னிரு முதியோர் வாழும் அறநிலையத்தின் காப்பாளர். ஆண்டுக்கு 800 பவுண் பெறுபவர். அப்பணம் அவருக்கு உரியதன்று எனப் பத்திரிகை தாக்குகிறது. வழக்கோ கைவிடப்படுகிறது, பதவியில் நீடிக்கச் சட்டத்தில் தடையில்லை. ஆயினும், தமக்கு அது நியாயமானதுதானா என்ற ஐயம் தீராமையால் ஹார்டிங் பதவியைத் துறக்கிறார். வீரவுரை எதுவுமில்லை, எதிரிகளும் கொடியவரல்லர். நாள்தோறும் கடமைக்குக் கணக்கு வைத்த ஒருவரே இத்துணை நுட்பமாக இதனை எழுதக்கூடும் என்பது எம் கருத்து.

குறையும் உண்டு. நாற்பத்தேழு நாவல்களுட் சில, சொற்றொகையை நிரப்பவே நீண்டனவோ என எண்ணத் தோன்றும். இருவருக்கிடையே மனந்தடுமாறும் காதலரை அவர் அலுக்குமளவு படைத்தார்.

எனினும், பாத்திரங்களோடு அவர் கொண்ட உறவு கணக்கிலடங்காதது. மேற்றிராணியாரின் மனைவி புரூடி அம்மையார் நாவல்தோறும் வருவதைச் சங்கமொன்றில் இரு குருமார் குறைகூறக் கேட்டவர், 1867இல் முடிந்த ‘பார்செட்டின் இறுதி வரலாறு’ நாவலில் அவளை இறக்கச் செய்தார். பின்னர் அதற்காக அவர் வருந்தியதை, பவுண் கணக்கெழுதிய அதே சுயசரிதையிற் காணலாம்.