'பரதேசி'யும் மலையக வாழ்வும்

பாலாவின் 'பரதேசி' (2013) திரைப்படம் பிரித்தானியர் காலத் தென்னிந்தியத் தேயிலைத் தோட்டமொன்றைக் களமாகக் கொண்டது. ஆயினும் ஹற்றன், நுவரெலியா லயங்களில் வாழ்வோர்க்கு அது அந்நியக் கதையன்று. கங்காணியின் ஆசைமொழி, தீராக் கடன், நெடுநடை, கொள்ளைநோய் ஆகிய யாவும் அவர்தம் மூதாதையரும் அநுபவித்தவையே. இக்கொடுமைகளைத் திரைக்குக் கொணர்ந்தமை படத்தின் சாதனை என்பதில் நமக்கு ஐயமில்லை.

எனினும், துன்பத்தை உள்ளவாறு காட்டுதல் இயற்பண்புவாதம். அதன் காரணிகளையும் அதனை மாற்றவல்ல சக்திகளையும் சேர்த்துக் காட்டுதலே யதார்த்தவாதம். படத்துக்கு ஆதாரமான 'ரெட் டீ' (1969) நாவலின் ஆசிரியர் பி. எச். டேனியல், ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றித் தொழிற்சங்கம் கட்டியவர். படத்திலோ மருத்துவர், மதம் பரப்ப ஆடிப்பாடும் கேலிப்பாத்திரமாகிறார். இறுதியில் நாயகனின் மனைவியும் குழந்தையும் அதே தோட்டத்துக்கு வந்துசேர, சுரண்டல் தலைவிதியாக உறைந்துவிடுகிறது.

மலையக வரலாறு அவ்வாறு உறைந்ததன்று. 1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது கோவிந்தன் பொலிசாரால் சுட்டுக்கொல்லப்பட்டார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மக்களை நாடற்றோராக்கிய பின்னரும் போராட்டம் ஓயவில்லை. தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' (1975) படத்துக்கு மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் கதை எழுதியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. தம் கதையைத் தாமே சொல்லும் எத்தனம் அது.

தொழிலாளரை இரக்கத்துக்குரியோராக மட்டுமன்றி, வரலாற்றை இயக்குவோராகவும் காணும் கலையே இன்று வேண்டப்படுவது.