பிடுங்கிப் படமெடுத்த காளான்கள்

காட்டுக் காளானைப் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் மேலிருந்தே எடுக்கிறார்கள். பாசி, பனித்துளி, நடுவில் குடை: அழகுதான். ஆனால் அதைப் பார்த்து இது இன்ன காளான் என்று உங்களால் சொல்ல முடியுமா?

பிரிட்டிஷ், ஐரோப்பியக் காளான்கள் பற்றி ரோஜர் பிலிப்ஸ் 1981இல் வெளியிட்ட நூல் வேறு வழியில் செல்கிறது. காளானை அடியோடு பெயர்த்து, சிலவற்றை நெடுக அறுத்து, வெற்றுப் பின்னணியில் கிடத்திப் படமெடுத்தார் அவர். பிணப் பரிசோதனைபோல் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும்.

ஓக் மரத்தடியில் முளைக்கும் அமானிடா பல்லாய்டஸைப் பாருங்கள். காம்பின் அடியில், பெரும்பாலும் மண்ணுக்குள், பை போன்ற உறை ஒன்று உண்டு. முக்கியமான அந்த அடையாளம் மேலிருந்து எடுத்த படத்தில் விழாது. இதைத் தின்றவருக்கு வாந்தியும் பேதியும் தொடங்கவே வழக்கமாக 6 மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் நஞ்சு கல்லீரலை எட்டிவிடும். சமைத்தாலும் அது அழிவதில்லை.

நிறத்திலும் ஒரு சிக்கல். இலைகளினூடே வரும் ஒளியில் பச்சை மிகுதியாதலால் வெள்ளைக் குடையும் பச்சையாகப் பதியக்கூடும். பல்லாய்டஸின் குடையோ பெரும்பாலும் மங்கிய பச்சை! சீரான ஒளியில் எடுத்த பிலிப்ஸின் படங்களில் இந்தக் குழப்பம் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. காளான் எந்த மரத்தடியில் நின்றதென்று படம் காட்டாது. குறிப்பில் தேட வேண்டும். ஸ்போரின் நிறமும் அப்படியே. குடையைக் காகிதத்தில் கவிழ்த்து ஓரிரவு வைத்தால் அது தெரியும்: பல்லாய்டஸுக்கு வெண்மை, உண்ணத்தக்க புல்வெளிக் காளானுக்குக் கரும்பழுப்பு.