கொசுவும் கால்வாயும்

டாக்டர் மால்கம் வாட்சன் 1911-இல் வெளியிட்டு, 1921-இல் விரித்தெழுதிய மலேரியாத் தடுப்பு நூலை மறுபடியும் வாசித்தோம். கிள்ளான் சதுப்பை வடித்ததும் சுரம் தணிந்தது. குன்றுத் தோட்டங்களிலோ அம்முறை பலிக்கவில்லை. காடழிந்து வெயில் பட்ட தெளிந்த ஓடையில் வேறொரு கொசு பெருகிற்று. ஆகவே வைத்தியரும், பூச்சி நூலாரும், இஞ்சினீயரும் கூடியே வழி காண வேண்டியதாயிற்று. இதனை ஆசிரியர் தெளிவுற உரைக்கிறார்.

ஆயினும் குறையொன்று உண்டு. மண்ணடியில் குழாய் புதைத்த கைகளும், சுரத்தில் வீழ்ந்த உடல்களும் நம்மவரில் எத்தனையோ பேருடையவை. நூலிலோ அவர்கள் பெரும்பாலும் மரண விகிதமாகவும், மண்ணீரல் கணக்காகவுமே நிற்கின்றனர். செக்ரோலில் ஆட்களை எண்ணாய் எழுதிப் பழகிய நாம் இதைச் சொல்லக் கூசவே செய்கிறோம். லயத்தில் எந்நேரம், எவ்விடத்தில் கொசு கடித்ததென்று ஒரு தோட்டப் பெண்ணையும் கேட்டு எழுதியிருப்பின், அம்மூவரோடு நாலாமவர் ஒருவரும் அமர்ந்திருப்பார்.