பாதி உண்மையின் நகைச்சுவை

சிரியக் கவிஞர் முஹம்மது அல்மாகூத்தும் நடிகர் துரைத் லஹ்ஹாமும் இணைந்து படைத்த அங்கத நாடகங்களுள் 'ளைஅத் திஷ்ரீன்' (1974), 'குர்பா' (1976), 'காஸக் யா வதன்' (1979) ஆகிய மூன்றும் அரபுலகெங்கும் புகழ் பெற்றன. மூன்றாவதில், சுவனத்திலிருந்து தொலைபேசியில் அழைக்கும் தந்தையிடம், தாயகத்தில் யாவும் உள்ளன, சிறிது கண்ணியமே குறைகிறது என்கிறான் மகன். சிரித்த அவை கலங்கும் இடம் இது.

ஹாபிஸ் அல்அஸதின் அடக்குமுறை ஆட்சி இவற்றை ஏன் அனுமதித்தது? இத்தகைய நகைச்சுவையை அரபியில் 'தன்ஃபீஸ்' என்பர்; அடைபட்ட காற்றை வெளியேற்றுதல் என்பது பொருள். அதிகாரிகளும் உளவுத்துறையினரும் கேலிக்குள்ளாகின்றனர், அதிபர் தீண்டப்படுவதில்லை. மக்கள் சிரித்து மனம் இலேசாகி இல்லம் திரும்புகின்றனர். ஆட்சி அசையாது நிற்கிறது.

நபி (ஸல்) அவர்கள் நகைச்சுவையாகப் பேசும்போதும் உண்மையையே மொழிந்தார்கள் என்பது திர்மிதீ பதிவுசெய்யும் செய்தி. அவ்வளவுகோலில் இந்நாடகங்கள் பொய்யுரைக்கவில்லை. உண்மையைப் பாதியில் நிறுத்துகின்றன. 2011இல் மக்கள் வீதியில் இறங்கியபோது லஹ்ஹாம் ஆட்சியின் பக்கம் நின்றதில் நாம் வியப்படையவில்லை.

எனினும் மாகூத்தின் சொல்லை நாம் புறந்தள்ளலாகாது. அவர் 2006இல் மறைந்தார். 2011 மார்ச் 18இல் சிரிய மக்கள் தம் போராட்ட நாளுக்குச் சூட்டிய பெயர் 'கண்ணிய வெள்ளி'. மேடை குறையெனச் சொல்லி நகைத்ததை மக்கள் உரிமையெனக் கேட்டனர்.